அக்காவின் அடுக்கில் இருந்த கிளவுஸ் நோமி

பாடகர் கிளவுஸ் நோமியை வெறும் விசித்திரமாக நினைவுகூர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெள்ளை பூசிய முகம், கறுத்த உதடுகள், தோளில் அகன்று இடுப்பில் குறுகும் முக்கோணச் சட்டை, கூராக நிமிர்ந்த முடி என்று தோற்றத்தை வர்ணித்துவிட்டு, வேற்றுக் கிரகத்திலிருந்து இறங்கி வந்தவர் என்று முடித்துக்கொள்கிறார்கள். குரலைப் பற்றி ஒரு வரி கூட இருப்பதில்லை.

எனக்கு அவர் அக்காவின் இசைத்தட்டுகள் வழியாக அறிமுகமானார். என்னைவிட மிகவும் மூத்தவளான அக்கா, ராக், மேற்கத்திய இசை நாடகமான ஓபெரா என்றெல்லாம் பிரிக்காமல் பாடகர்களின் பெயர் வரிசைப்படியே தன் தட்டுகளை அடுக்கியிருந்தாள். யாரையும் வினோதம் என்று ஒதுக்கிவைக்கும் மூலை அந்த அடுக்கில் கிடையாது. 'தி கோல்ட் சாங்' பாட்டை அவளுடைய மூடிய அறைக்கு வெளியே நின்றுதான் முதலில் கேட்டேன். பாடுவது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அட்டைப்படத்துக்கு முன்பே குரல் வந்து சேர்ந்ததை என் பேறாகவே கருதுகிறேன்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1691இல் 'கிங் ஆர்தர்' என்ற மேடைப் படைப்புக்காக அமைத்த பாட்டு அது. சொற்கள் கவிஞர் ஜான் டிரைடனுடையவை. பனிக்குள் உறங்கும் குளிரின் ஆவியை மன்மதன் எழுப்புகிறான். எழுந்த ஆவியோ மூச்சுவிடக்கூட முடியாமல், தன்னை மறுபடியும் உறைந்து சாக விடும்படி மன்றாடுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் துண்டுதுண்டாக நடுக்கி, குளிரில் பல் கிட்டுவதையே பர்செல் மெட்டாக்கியிருக்கிறார். மூலத்தில் இது கீழ் ஸ்தாயியில் பாடும் பாஸ் குரலுக்கு எழுதப்பட்டது. அந்தக் குரலில் கேட்கும்போது ஒரு கிழட்டுப் பூதத்தின் முனகலாக இருப்பது, நோமி அதைக் கவுன்டர்டெனர் என்னும், ஆண் பெண்ணின் உயரத்தில் பாடும் குரலில் மேலே ஏற்றியதும், போர்த்திக்கொள்ள எதுவுமில்லாத ஓர் உடலின் நடுக்கமாகிவிடுகிறது. கள்ளக்குரல் என்று நம்மில் பலர் முகம் சுளிக்கும் அந்த மேல் ஸ்தாயியில் இவ்வளவு உண்மை இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

1944இல் ஜெர்மனியின் பவேரியாவில் கிளவுஸ் ஸ்பெர்பர் என்ற பெயரில் பிறந்த நோமி, பெர்லின் ஓபெரா அரங்கில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச்செல்லும் வேலையில் இருந்தவர். எழுபதுகளில் நியூயார்க் போய் கேக் செய்து பிழைத்தார். 1978இல் அங்கே நடந்த நியூ வேவ் என்ற புதுவகை ராக் இசை சார்ந்த ஒரு நிகழ்ச்சியில், பிரெஞ்சு இசையமைப்பாளர் சான் சான்ஸின் ஓபெராவிலிருந்து தலீலாள் பாடும் பாட்டை அவர் பாடியபோது, ஒலிப்பதிவுக்கு வாயசைக்கவில்லை, அவரே பாடுகிறார் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். அன்று போவி அணிந்த விறைப்பான பிளாஸ்டிக் உடைதான் அந்த முக்கோணச் சட்டைக்கு முன்மாதிரி.

வேடம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. பெண் பாத்திரத்தின் பாட்டைத் தன் குரலில் பாட விரும்பிய ஓர் ஆணுக்கு ஓபெரா மேடையில் இடமில்லாதபோது, அவர் தனக்கென ஒரு மேடையை அந்த வேடத்தால் எழுப்பிக்கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். 1981இல் வந்த முதல் ஆல்பத்தில் பர்செல் இருக்கிறார், லூ கிறிஸ்டியின் பாப் பாட்டும் இருக்கிறது. இரண்டையும் அவர் ஒரே அக்கறையோடு பாடுகிறார். அதிலுள்ள 'தி ட்விஸ்ட்' பாட்டு மட்டும் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. அதில் உத்தி தெரிகிறதே தவிரப் பாட்டு தெரியவில்லை.

1983 ஆகஸ்டில், 39 வயதில், எய்ட்ஸ் நோயால் நியூயார்க்கில் இறந்தார். அந்த நோய்க்குப் பலியான முதல் பிரபலங்களில் அவர் ஒருவர் என்பதால், கடைசிக் காலத்தில் அவர் 'தி கோல்ட் சாங்' பாடும் காணொளியைப் பலரும் மரணச் செய்தியாகவே பகிர்கிறார்கள். அவர் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் பழகியதும் நோய்க்கு முன்பே. அது அவருடைய இசை அறிவு. அவருக்கு நேர்ந்ததைக் காரணம் காட்டி அந்தப் பெருமையை மறைப்பது நியாயமில்லை.

இதுவரை கேட்காதவர்கள் காணொளியைத் தேடாமல், ஒலியை மட்டும் முதலில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'தி கோல்ட் சாங்' முடிந்ததும், 1982இல் வந்த இரண்டாம் ஆல்பமான 'சிம்பிள் மேன்' தட்டில் பர்செலின் ஓபெராவில் டைடோ ராணி பாடும் புலம்பலை 'டெத்' என்ற தலைப்பில் அவர் பாடியிருப்பதையும் கேளுங்கள். படங்களை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.