கச்சான் காற்று கொப்பியில் இல்லை

போன கிழமை சித்தப்பாவின் மகள் குறிப்புக் கொப்பியும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்குப் படிக்கிறாள். பிதுருதலாகலை 2,524 மீற்றர், மகாவலி 335 கிலோமீற்றர், நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர் என்று மூன்று நிற மையில் கோடிட்ட கொப்பி. எங்கே தொட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள்.

தென்மேல் பருவக்காற்று எப்போது என்று கேட்டேன். மே முதல் செப்டெம்பர் வரை என்றாள். அந்த மாதங்களில் நம் ஊரில் மழை பெய்கிறதா?

"இல்லை அக்கா."

ஏன் என்றதும் கொப்பியைப் புரட்டத் தொடங்கினாள்.

இவளுடைய தகப்பன், என் சித்தப்பா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர். ஆடி மாதத்தில் உதடு வெடித்து, முற்றத்து மண் முகத்தில் அடிக்கும்போது "கச்சான் பேயாட்டம் ஆடுகிறது" என்று திட்டாத நாள் இல்லை. அந்தக் கச்சான்தான் கொப்பியில் இருக்கும் தென்மேல் பருவக்காற்று. ஈரத்தையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, வறண்டு நம் பக்கம் வந்து சேர்கிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி வடகீழ்க் காற்றோடு மார்கழி, தை வரை நிற்கும். பெரும்போக நெல் அதை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. வீட்டுத் திண்ணையில் இருபத்தாறு வருடமாகக் கேட்ட பாடத்தை இந்தப் பிள்ளை வேறு ஏதோ நாட்டின் காலநிலை போல மனனம் செய்து வைத்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் இப்படித்தான் படித்தேன், முதல் இரண்டு தடவையும் தோற்றேன். பல்தேர்வு வினாவில் தப்பிவிடுவேன். காரணம் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

வகுப்புகளில் புவியியலுக்கு ஒரு நாள், வரலாற்றுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கல்லோயாவை எடுங்கள். நம் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. கொப்பியில் இது "ஆறுகள்" பக்கத்தில் ஒரு வரி. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்ததும், இங்கினியாகலையில் அணை கட்டி சேனநாயக்க சமுத்திரம் உருவானதும் "நீர்ப்பாசனம்" பக்கத்தில். குடியேற்றம் இன்னொரு பக்கத்தில். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நின்ற நாட்களில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டது "இனமுரண்பாடு" பக்கத்தில், அதுவும் ஒற்றை வரியாக. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது "நிர்வாகம்" பக்கத்தில். ஐந்து பக்கத்திலும் ஓடுவது ஒரே ஆறு. தண்ணீர் எங்கே தேங்கியது, அந்தத் தண்ணீருக்கு யார் வந்து குடியேறினார்கள், பிறகு எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆண்டுகள் தாமாக மனதில் உட்காரும்.

கோட்டைக் கதையும் இதுபோலத்தான். ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோட்டை எது? மட்டக்களப்பு, 1638. எல்லோருக்கும் தெரிந்த விடை. கொழும்பு இருக்க, காலி இருக்க, ஏன் இங்கே வந்தார்கள்? கண்டி மலைக்குள் அடைபட்ட இராச்சியம். இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கடலுக்கு வழி வேண்டும், கீழ்க்கரைத் துறைகளோ போர்த்துக்கேயர் கையில். அதனால்தான் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தார். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கப்பலோடு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான், இங்கிருந்துதான் கண்டிக்குப் போனார். வாவி வாய்க்கு உள்ளே, புளியந்தீவில், தண்ணீரை ஒட்டி ஏன் கோட்டை நிற்கிறது என்பதற்கும் விடை அந்த வரைபடத்திலேயே கிடக்கிறது. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அந்தக் கோட்டைக்குள்ளேயே இயங்கியது. ஒரு கையொப்பத்துக்காக எத்தனை தடவை அந்தச் சுவரில் சாய்ந்து நின்றிருப்போம்!

மனனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை உயரத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. 1833 ஐந்து மாகாணம், 1931 டொனமூர் யாப்பு, 1947 சோல்பரி யாப்பு, 1972 குடியரசு, 1978 அரசியலமைப்பு. இவற்றை உருப்போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் 1978 என்றதும் அம்மாவுக்கு நினைவு வருவது அரசியலமைப்பு அல்ல, கார்த்திகைப் புயல். நவம்பர் 23. தென்னந்தோப்புகள் பாயாகப் படுத்த இரவு. சித்தப்பா மகளிடம் இதைச் சொன்னேன். இனி அந்த ஆண்டை மறக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே அக்கா, பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றாள். நியாயம்தான். கொப்பியை மூடிவைத்து ஒரு வெற்று வரைபடத்தைக் கையில் கொடுத்து, பட்டிப்பளை ஆற்றை மலையிலிருந்து கடல்வரை வரைந்து, அதன்மேல் இரண்டு மாவட்டங்களின் எல்லையையும் போட்டு வா என்று அனுப்பினேன்.

நேற்று கொண்டுவந்தாள். ஆறு நீல மையில் ஒரே இழுப்பில் அழகாக வந்திருக்கிறது. எல்லைக்கோட்டைத்தான் மூன்று இடத்தில் அழித்து அழித்து வரைந்திருக்கிறாள்.