பாதம் கழுவ 12 ஆண்கள்தானா?

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் நடத்தும் பாதம் கழுவும் சடங்குக்கு 12 ஆண்கள் கட்டாயம் என்கிறது ஒரு கட்டுரை. கத்தோலிக்கத் திருப்பலி நூலில் 12 என்ற கணக்கே இல்லை. பெண்களுக்கும் 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வழிவிட்டார். மறையுரை (பிரசங்கம்) முடிந்ததும் நடப்பது இந்தச் சடங்கு. வெதுவெதுப்பான நீர், அகலமான தாம்பாளம், ஆளுக்கொரு துண்டு போதும். ஒரே துண்டை எல்லாருக்கும் ஓட்டினால் பாதியிலேயே சொட்டச் சொட்ட நனைந்துவிடும்.

ஆள் பிடிப்பதில்தான் கோணல். பங்குப் பேரவைக்காரர்களும் நன்கொடையாளர்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவந்து உட்கார்கிறார்கள்! யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு வெளியேறுவது 30ஆம் வசனத்தில். அதற்கு முன்பே இயேசு அவன் காலையும் கழுவியாயிற்று. ஒருவர் மற்றவரிடம் அன்பு செலுத்தும் கட்டளை 34இல். அன்றைய நற்செய்தி வாசகமோ 15ஆம் வசனத்தோடு நின்றுவிடும். கட்டளை அந்த வாசகத்துக்கு முன் பாடும் வாழ்த்தொலியில் வருகிறது. பாடகர் குழு அதை விழுங்காமல் பாட வேண்டும்.