அத்தைக்கு லாஸ்ட் நேம் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு சிங்கப்பூர் டிக்கெட் போட உட்கார்ந்தேன். மகள் அங்கே இருக்கிறாள், முதல் பிரசவம், அத்தை போய் ஒரு மாதம் கூட இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. 64 வயதில் முதல் விமானப் பயணம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ஃபர்ஸ்ட் நேம் போட்டாயிற்று. லாஸ்ட் நேம் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அத்தையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடமே காலி. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், செல்லாத எழுத்து என்றது. "மாமா பேரைப் போட்டுடேன்" என்றார் அத்தை. போட்டால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது, செக்-இன் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, அதே பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொன்னார்கள். இப்போது டிக்கெட்டில் அத்தையின் பெயர் இரண்டு முறை இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு பேரு பத்தாதா அவங்களுக்கு?"

நான் 14 வருடமாக கோட் எழுதுகிறவன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்தப் பதிவு.

என் முதல் வேலையில் வாடிக்கையாளர் விவரங்களுக்கு ஒரு டேபிள், அதாவது தகவல் அட்டவணை, போடச் சொன்னார்கள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், இரண்டும் ஐம்பது எழுத்து, இரண்டும் காலியாக இருக்கக் கூடாது. அப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பயிற்சியில் அப்படித்தான் காட்டினார்கள், இணையத்தில் பார்த்த எடுத்துக்காட்டுகளிலும் அப்படித்தான் இருந்தது. எழுதிய எனக்கே லாஸ்ட் நேம் கிடையாது. என் பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். கோட் ரிவ்யூ செய்த சீனியருக்கும் இனிஷியல்தான். அந்த அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் குடும்பப் பெயர் இல்லை. ஆறு பேரும் சேர்ந்து அதை அனுப்பிவைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு அறிக்கைக்காக அந்த டேட்டாபேஸைத் திறந்தபோது லாஸ்ட் நேம் பெட்டிகளில் என்னென்னவோ இருந்தது. ஆயிரக்கணக்கில் புள்ளிகள். எக்ஸ். என்ஏ. சிலவற்றில் பெயரே மறுபடியும். சிலவற்றில் ஊர்ப் பெயர். கவுன்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள், எதிரில் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது, எது பச்சைக்கொடி காட்டியதோ அதை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஏற்காத படிவம் பொய்யைத்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். தகவல் முழுமையாக இருக்கட்டும் என்று வைத்த அந்த நட்சத்திரம்தான் தகவலைக் கெடுத்தது.

அந்தப் பெட்டி ஏன் நமக்குக் காலி என்பதையும் சொல்ல வேண்டும். அது மறந்துபோய் விட்ட இடம் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். அடுத்தடுத்த தலைமுறையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைச் செய்தன. இன்று நம் ஊர்ப் பள்ளி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், இனிஷியலும் பெயரும்தான் இருக்கும். அதாவது நம் தாத்தா பாட்டிகள் யோசித்து, முடிவெடுத்து, காலி செய்த இடம் அது. அந்த இடத்தை ஒரு இணையப் பக்கம் சிவப்பு எழுத்தில் "இதை நிரப்பவும்" என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சரி, வெளிநாட்டு விதிகள் அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் கேட்பார்கள். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உலகத்திலேயே மிகக் கறாரான பெயர்ப் பெட்டி பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கிற அந்த இரண்டு வரிதான். வரிக்கு 44 எழுத்து, பெயருக்கு அதில் 39. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த தரம் அது. பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் முதல் பகுதியிலேயே போடலாம் என்று அந்தத் தரத்திலேயே எழுதியிருக்கிறது. விமான நிலையத்து இயந்திரம் படிக்கிற வரியே ஒற்றைப் பெயரை ஏற்கிறது. டிக்கெட் விற்கிற இணையதளம் ஏற்க மாட்டேன் என்கிறது. ஆக இது விமானப் பாதுகாப்பு கேட்ட விதி இல்லை. என்னைப் போல யாரோ ஒருவர் யோசிக்காமல் எழுதிய ஒரு வரி.

ஆனால் அந்த ஒரு வரி கொஞ்சம் கொஞ்சமாக நிஜமான விதியாகவும் மாறிவிடுகிறது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இருக்கிற பெயரை சர்நேமில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடிக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் அங்கே எடுக்கிற ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை அதுவே ஒட்டிக்கொண்டு வருகிறது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது இங்கே எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பது துபாயில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் சர்வசாதாரணம், முதல் இரண்டு அதிபர்களே சுகர்னோ, சுகார்த்தோ. அந்த நாடே 2022-ல் இனி பெயரில் குறைந்தது இரண்டு சொல் வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது.

நம் வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். ஆதாரில் பெயருக்கு ஒரே இடம். பான் விண்ணப்பத்தில் மூன்று, அதிலும் லாஸ்ட் நேமில் இனிஷியல் போடக் கூடாது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால். ஆதாரையும் பானையும் இணையுங்கள், பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லி, 2023 ஜூன் 30 வரை ஆயிரம் ரூபாய் கட்டணத்தோடு கெடு வைத்தார்கள். அந்த மாதம் எங்கள் தெரு முனை பிரவுசிங் சென்டரில் ஓய்வூதியக்காரர்கள் கையில் பிளாஸ்டிக் கவரோடு நின்ற வரிசை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் பெயர் ஒத்துப்போகாமல் தன் பணத்தையே எடுக்க முடியாமல் அலைந்த ஒருவரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதில் பெண்கள் படுகிற பாடு இரண்டு மடங்கு. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். மென்பொருளின் கணக்கில் அவர்கள் இரண்டு ஆட்கள்.

போதாததற்கு ஆங்கில ஸ்பெல்லிங். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் ழ-வுக்கு இசட்-எச் போடுவோர் உண்டு, எல் போடுவோர் உண்டு. நடுவில் சி-எச்சா எஸ்ஸா என்பது அன்றைக்குப் பள்ளியில் சேர்த்த ஆசிரியரின் விருப்பம். லட்சுமிக்கு எத்தனை விதம் என்று எண்ணவே முடியாது. அவரைப் பொறுத்தவரை அவர் பெயர் மாறவே இல்லை. எழுதியவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

என் அப்பா 2019-ல் போய்ச் சேர்ந்தார். அதற்கு நாலு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து எனக்குப் புது லேப்டாப் அனுப்பினார்கள். பார்சல் மேல் மிஸ்டர் என்று போட்டு அப்பா பெயர் மட்டும் இருந்தது. பான் கார்டுக்காக லாஸ்ட் நேமில் விரித்து எழுதிய பெயர், அது வழியாக கம்பெனி மென்பொருளுக்குள் போய், அங்கிருந்து கூரியர் சீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, பெட்டியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "அப்பாவுக்கு ஏதோ வந்திருக்குடா" என்றார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அதுவரை வெளிநாட்டு கிளையன்ட் மெயிலில் என்னை அப்பா பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் திருத்தாமல் விட்டிருந்தேன். அன்றைக்கு மாலையே எல்லோருக்கும் மெயில் போட்டேன், அது என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர் என்று.

இதெல்லாம் ஆங்கிலப் படிவத்தின் தொல்லை, தமிழில் செய்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு, பெயரைப் போலவே இனிஷியலையும் தமிழில் எழுத வேண்டும் என்று அரசாணை போட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆணை அது. அப்பா பெயர் கோவிந்தன் என்றால் இனிஷியல் கோ. ஆனால் ஒரு புரோகிராமர் பெயரின் முதல் எழுத்தை எடு என்று வழக்கமான முறையில் எழுதினால் கிடைப்பது கோ இல்லை, வெறும் க. ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கிற யூனிகோடு தரத்தில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம்தான், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. கோ என்பது க என்ற எழுத்தும் அதைத் தொடரும் ஓகாரக் குறியும். நாம் ஒன்றாகப் பார்ப்பதைக் கணினி இரண்டாக எண்ணுகிறது. செயலிகளில் வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து வருமே, மீனா என்பவருக்கு அதில் ம என்று வருவது இதனால்தான்.

அகிலாண்டேஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் பதினான்கு. யூனிகோடைக் கணினியில் சேமிக்கிற வழக்கமான முறையான யுடிஎஃப்-8-ல் வைத்தால் 42 பைட் (சேமிப்பு இடத்தின் அளவு). பெயருக்கு 30 பைட் போதும் என்று ஒருவர் வைத்திருந்தால் அந்த அம்மாவின் பெயர் அகிலாண்டேஸ என்று நின்றுவிடும். ஸ்ரீதருக்கு வேறு தொல்லை. ஸ்ரீ என்பதை ஸ வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பதிந்தவர் ஒன்றும் தேடுபவர் இன்னொன்றும் அடித்தால், எதிரில் ஆள் நிற்கும்போதே "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று வரும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது, கஷ்டமான வழியும் இல்லை. முழு எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் கேரக்டர் என்றாலே கோ முழுதாகத்தான் வரும். பெயருக்கு ஒரே பெட்டி வைத்து, அவர் எழுதியதை அப்படியே சேமிக்கலாம், இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். எப்படி அழைக்க வேண்டும் என்று தனியாக, விருப்பம் இருந்தால் நிரப்பும்படி கேட்கலாம். பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டியே பெயருக்கு ஒற்றைப் பெட்டிதான் நல்லது என்கிறது. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போல அப்பா பெயரிலிருந்து வருவதுதான். அங்கே டெலிபோன் டைரக்டரியையே அவரவர் சொந்தப் பெயரின் வரிசையில்தான் அடுக்கினார்கள். ஆட்களுக்கு ஏற்ப அட்டவணையை மாற்றிக்கொண்டார்கள். ஆளை அடையாளம் காண எண் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ஒருவரின் பணத்தை நிறுத்திவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது பிறக்கிற குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே அப்பா பெயரை இரண்டாம் பெயராகச் சேர்த்துவிடுகிறார்கள். நாளைக்குப் பிள்ளை அலையக் கூடாது என்ற பயம். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், என் தம்பி மகளுக்கும் அப்படித்தான் செய்தோம். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற முறையை மாற்றிக்கொள்ளக் காரணம் என்னைப் போன்றவர்கள் யோசிக்காமல் வைத்த சிவப்பு நட்சத்திரம் என்பது எனக்கு லேசான விஷயமாகப் படவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எங்கள் செயலியின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்களுடையதிலும் இரண்டு பெட்டி, இரண்டு நட்சத்திரம். மாற்ற வேண்டும் என்று எங்கள் வேலைப் பட்டியலில் ஒரு கோரிக்கை பதிந்தேன். மேலாளர் ஒரு கேள்வி கேட்டார், மற்ற கம்பெனிகள் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்று. அத்தையின் விமான டிக்கெட்டைக் காட்டினேன். அடுத்த வெளியீட்டில் சேர்க்க ஒப்புக்கொண்டுவிட்டார்.

சோதித்துப் பார்க்க எனக்கு நிஜமான வடிவங்கள் வேண்டும். உங்கள் உண்மைப் பெயர் வேண்டாம், மாற்றி எழுதுங்கள், ஆனால் வடிவம் அப்படியே இருக்கட்டும். இரண்டு இனிஷியல் உள்ளவர்கள், அம்மா இனிஷியல் போடுகிறவர்கள், பெயருக்கு நடுவே புள்ளி வருகிறவர்கள், சிங்கப்பூர் அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ இருப்பதால் அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்காதவர்கள், ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள், எல்லோரும் எழுதுங்கள். லாஸ்ட் நேம் பெட்டியில் இதுவரை என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அத்தைக்கு வியாழக்கிழமை இரவு விமானம், வழியனுப்பிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.