ஒட்டரிசி, குழைந்த சோறு அல்ல
லாவோஸின் ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் அதிகம் வைத்துக் குழைய வடித்த சோறுதான் கிடைக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அது ஒட்டரிசி, ரகமே வேறு. அமிலோஸ் என்கிற மாவுச்சத்து வகை அதில் மிகக் குறைவு, அதனால்தான் ஒட்டுகிறது. இரவே ஊறப்போட்டு, விடிகாலையில் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, பானை வாயில் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். கொதிநீர் அரிசியைத் தொடவே தொடாது. பாதியில் கூடையை ஒரே குலுக்கில் குலுக்கி மொத்தச் சோற்றையும் புரட்டிப் போடுவதைப் பார்க்க வேண்டும்! அப்புறம் பரப்பி ஆவி போக்கி, மூடி போட்ட சிறு கூடைக்கு மாற்றுவார்கள். கையால் பிய்த்து உருட்டி, ஜேவ் என்கிற சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். குச்சியெல்லாம் நூடுல்ஸுக்கு.