கத்திரியில் லான் மஞ்சளாகட்டும், விடுங்கள்

கோடை வந்தால் சென்னையில் லான் வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே வேலைதான். சாயங்காலம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் புல்லை நனைப்பது. தினமும் தண்ணீர் விடுகிறோம் என்ற திருப்தி கிடைக்கிறது. ஆனால் புல் நாசமாவதே அதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை அங்குல ஹோஸில் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் வரும். கால் மணி நேரத்துக்கு 225 லிட்டர். ஆயிரம் சதுர அடி லானில் அது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. காய்ந்த மண்ணில் அரை அங்குல ஆழம் நனைந்தால் அதிகம். மறுநாள் பதினோரு மணி வெயிலுக்குள் அதுவும் ஆவியாகிவிடும். ஈரம் மேலேயே இருப்பதால் வேரும் மேலேயே படர்கிறது. மோட்டார் ரிப்பேராகி இரண்டு நாள் தண்ணீர் நின்றால் புல் கருகுவது இதனால்தான். ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே இருப்பதால் பூஞ்சை வேறு வரும்.

நல்ல வெயிலில் லான் பச்சையாகவே இருக்க வாரத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு அது 2,300 லிட்டர். இதை இரண்டு தடவையாகப் பிரித்து, விடியற்காலை ஏழு மணிக்குள் விடுங்கள். ஸ்பிரிங்க்ளர் என்றால் நாலைந்து காலி டப்பாக்களை லானில் அங்கங்கே வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, தேங்கிய தண்ணீரை ஸ்கேலால் அளந்துவிட்டால் எவ்வளவு நேரம் ஓட்டவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு டப்பாவில் நிறைய, இன்னொன்றில் கொஞ்சம் என்றிருந்தால் ஸ்பிரிங்க்ளரை இடம் மாற்றி வைக்கணும். களிமண்ணில் தண்ணீர் உடனே இறங்காது, வழிந்து ரோட்டுக்குப் போய்விடும். அங்கே பத்து நிமிடம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி விடவேண்டும். முடிந்ததும் நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் போதுமான தண்ணீர் போயிருக்கிறது.

ஆனால் என் கருத்து வேறு. தண்ணீர் பஞ்சத்தில் லான் பச்சையாக இருந்தே ஆகணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த ஊர் இது. லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு ஊற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். அருகம்புல் வகைகளும் கொரியன் புல்லும் வறட்சியில் இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிரை வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ., அதாவது சுமார் 1,100 லிட்டர் கிடைத்தாலே அந்தத் தண்டு சாகாது. அகலமான இலையுள்ள பஃபலோ புல்லுக்கு இது பொருந்தாது. அதன் தண்டு முழுக்க மண்ணுக்கு மேலேயே ஓடுகிறது, வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். தண்ணீர் குறைவு என்றால் அதை மட்டும் காப்பாற்றுங்கள். நிழலில் இருக்கிற பகுதிக்குத் தண்ணீர் குறைவாகவே போதும்.

புல்லை இப்படி மஞ்சளாகி உறங்கவிட முடிவு செய்தால் அதிலேயே நில்லுங்கள். பாதி பச்சை வந்ததும் தண்ணீரை நிறுத்தி, மறுபடி கொடுத்து, மறுபடி நிறுத்தினால் தண்டில் சேர்த்து வைத்த சத்தெல்லாம் தீர்ந்துபோகும். மஞ்சளான புல்லின் மேல் நடக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடவும் வேண்டாம்.

வெட்டுகிற விஷயம். கோடையில் ஒட்ட வெட்டுவது பெரிய தப்பு. கொரியன் புல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பஃபலோ இரண்டரை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடு மழுங்கியிருந்தால் இலை அறுபடாமல் கிழியும், இரண்டு நாளில் நுனியெல்லாம் பழுப்பாகி நிற்கும். அதைப் பார்த்து தண்ணீர் பத்தவில்லை என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் நிறைய. யூரியாவை இப்போது தொடவே தொடாதீர்கள். காய்ந்த மண்ணில் அது புல்லைக் கருக்கும்.

ஆர்.ஓ. கழிவுநீரை லானுக்குத் திருப்பிவிடுவது நல்ல யோசனை மாதிரி தெரியும். அதில் உப்பு மூலத் தண்ணீரைவிட அதிகம். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, 2,000-ஐத் தாண்டிய போர் தண்ணீரும் அப்படித்தான், மண்மேல் வெள்ளைப் பொருக்கு கட்டும், இலை நுனி கருகும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, தாராளமாக விடலாம்.

செத்ததா உறங்குகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து இழுங்கள். உறுதியாக நின்று, கணுவைக் கிள்ளினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பாய் சுருட்டுகிற மாதிரி வேரில்லாமல் கையோடு வந்தால் அது வெயிலின் வேலை இல்லை. அடியில் வேரைத் தின்கிற வெள்ளைப் புழு இருக்கும், தோண்டிப் பார்க்கணும்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு புதுத் துளிர் தெரிகிற வரை பொறுங்கள். அப்புறம் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கிலோ யூரியா, மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கரைத்துவிடணும். மூன்று வாரமாகியும் துளிர்க்காத திட்டுகளைக் கொத்திவிட்டு, பக்கத்திலிருந்து கணுவோடு துண்டு எடுத்து நாலு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள்.