ரிலீப் தாள் பாடம் நடத்தாது

"உங்களுக்குத்தான் பள்ளி விடுமுறை அத்தனை நாள் இருக்கிறதே, நடுவில் வேறு எதற்கு விடுப்பு?" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிகூட அவர்கள்மீது இல்லை. பிள்ளையின் கணித நோட்டில் இரண்டு வாரமாகத் தேதியே மாறவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறவர்களிடம் எதைச் சொல்லி வாதாடுவது? மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறைப் பக்கம், தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். விடுப்பு எடுக்கும் ஆசிரியரைத் திட்டுவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. அவர் இடத்துக்கு ஏன் யாருமே வருவதில்லை என்று கேட்கத்தான் ஆளில்லை.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்குரிய வருடாந்திர ஓய்வு விடுப்பு ஆசிரியருக்குக் கிடையாது. பள்ளி விடுமுறையே அதற்கு ஈடு என்று வைத்துவிட்டார்கள். அந்த விடுமுறையிலும் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் அழைப்பு வருவது தனிக் கதை. பள்ளி நாளில் சொந்தக் காரியம் என்று வந்தால் எங்களுக்கு இருப்பது சி.ஆர்.கே. என்னும் சிறப்பு ஓய்வு விடுப்புதான். ஏழு நாளாக இருந்தது பிற்பாடு பத்து நாளாக உயர்ந்தது. அதற்கும் தலைமையாசிரியரின் ஒப்புதல் வேண்டும். தாயாரின் அறுவைச் சிகிச்சையையோ மகளின் பட்டமளிப்பு விழாவையோ பள்ளி விடுமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? உரிமையுள்ள விடுப்பு, எடுக்கட்டும். தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இரதம் திரும்புகிற அன்றைக்கு, ஆண்டு தவறாமல் காய்ச்சல் வந்து எம்.சி. என்னும் மருத்துவச் சான்றிதழ் விடுப்புப் போடுகிற சிலரும் எங்களிடையே உண்டு. அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் அத்தனை பேரும் திருந்திவிட்டாலும் இந்தச் சிக்கல் தீராது.

காலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விடிவதற்கு முன்பே ஆசிரியர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் வர முடியாது என்று செய்தி போடுகிறார். துணைத் தலைமையாசிரியர் அவசர அவசரமாக அட்டவணையைப் பார்த்து, யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வாக இருக்கிறதோ வராதவருக்குப் பதிலாக அவருடைய பெயரை எழுதி ரிலீப் தாளைத் தயாரிக்கிறார். மாணவர் நோட்டுகளைத் திருத்தவும், மதிப்பீட்டு அடைவுநிலைகளைப் பதியவும், அடுத்த வகுப்புக்குப் பயிற்றி தயாரிக்கவும் நான் நம்பியிருந்த அந்த முப்பது நிமிடம் அத்தோடு போயிற்று. பெயருக்கு நேரே கையொப்பமிட்டுவிட்டு இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைகிறேன். "டீச்சர், இன்னைக்கு ரிலீப்பா?" என்று கேட்டுக்கொண்டே, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல், பிள்ளைகள் வண்ணப் பென்சில் பெட்டிகளைத் திறந்துவிடுகிறார்கள். ரிலீப் என்றால் வண்ணம் தீட்டும் நேரம் என்று ஏழெட்டு வயதுக்குள் அவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தாயிற்று. தமிழ் கற்பிக்கிற நான், எந்தப் பக்கத்தில் நின்றது என்றே தெரியாத அறிவியல் பாடத்தை அரை மணி நேரத்தில் எங்கிருந்து தொடங்குவது? இதற்குப் பெயர் பிள்ளை பார்த்துக்கொள்வது. அதைக் கற்பித்தல் என்று பதிவேட்டில் ஏற்றுகிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறெரிகிறது.

பெரிய பள்ளியாக இருந்தாலாவது சுமை பத்துப் பேருக்குப் பிரியும். நூற்றைம்பது மாணவருக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அத்தகையவை ஏராளம். அங்கே இரண்டு ஆசிரியர் ஒரே நாளில் வரவில்லையென்றால் மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே அறையில் அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மகப்பேறு போன்ற நீண்ட விடுப்புக்குத் தற்காலிக ஆசிரியரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்தான். குழந்தை எந்த மாதம் பிறக்கும் என்பது அரை ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தும், தாள்கள் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி அந்தத் தற்காலிக ஆசிரியர் பள்ளி வாசலை மிதிக்கும்போது தாயே பணிக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ரிலீப் தாள்களைப் புரட்டினால் சொந்த விடுப்பைவிட 'அலுவல் நிமித்தம்' என்ற காரணமே கண்ணில் அதிகம் படுகிறது. விளக்கக் கூட்டம், பயிற்சிப் பட்டறை, மாவட்ட விளையாட்டுப் போட்டி, செந்தமிழ் விழாவுக்கு நடுவர் என்று எல்லாமே பள்ளி நாளில், அதுவும் காலையில்தான் நடக்கின்றன. கற்றல் நேரத்தைக் காக்க வேண்டும் என்று எங்களுக்கு அறிவுரை அனுப்புகிறவர்களே, இணையம் வழியாக ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய விளக்கத்துக்கு நாள் முழுவதும் ஆசிரியரை இழுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் தம் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் பொறுப்பற்றவர், விடுதி மண்டபத்தில் உட்கார்ந்து வடையும் தேநீரும் சாப்பிட்டால் கடமையுணர்வுள்ளவர். வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே.

சபா மாநிலத்தின் கோத்தா பெலுட் வழக்கு நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 2015இல் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவ ஆங்கில ஆசிரியர் ஏழு மாதம் வகுப்புக்கே வரவில்லை என்று முன்னாள் மாணவி ஒருவர் நீதிமன்றம் போனார். 2023 ஜூலையில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 150,000 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. கல்விச் சட்டத்தின்கீழ் உள்ள கடமையை மீறியதாக ஆசிரியரோடு பள்ளி முதல்வரும் கல்வி அமைச்சும் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அது எல்லை மீறிய நிகழ்வு. பத்து நாள் விடுப்பெடுப்பவரை அந்த ஆசிரியரோடு ஒப்பிடுவது அநியாயம். நான் கேட்பது வேறு: ஏழு மாத வெறுமையைக் கண்டுபிடிக்க ஒரு மாணவி வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால், அங்கொரு நாளும் இங்கொரு நாளுமாகக் கரைகிற பாடங்களை யார் எண்ணுகிறார்கள்? தொடக்கப்பள்ளி இறுதியில், ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானதை நான் மனதார வரவேற்றவள். ஆனாலும் விட்டுப்போன பாடம் வெளியே தெரிவதற்கு இருந்த ஒரு வாசலும் அதோடு மூடிக்கொண்டது என்பதை மறுக்க முடியவில்லை.

மாவட்டந்தோறும் பாடவாரியாக மாற்றாசிரியர் குழு ஒன்றை நிரந்தரமாக வைத்து, காலையில் அழைத்தால் வந்து நிற்குமாறு செய்ய முடியாதா? பணமில்லை என்பார்கள், சரி. பணமே தேவைப்படாத ஒன்றைப் பள்ளிக் கூட்டத்தில் நான் கேட்டேன். ரிலீப் தாளில் கையொப்பக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, உரிய பாடம் நடந்ததா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள் என்றேன். அப்படியெல்லாம் எழுதி வைத்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும் என்று அதை அங்கேயே ஒதுக்கிவிட்டார்கள். கேள்வி வரட்டும் என்றுதானே கேட்டேன்!