விளம்பர நாவல் என்று தள்ளிவிட முடியாது

மந்திரமும் எதிர்காலத் தொழில்நுட்பமும் கலந்த உலகில், ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையில் ஆடும் விளையாட்டு ஷேடோரன். அதை ஒட்டி வந்த நாவல்கள் எல்லாமே விளையாட்டுக்கான விளம்பரம்தான் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளையாட்டு வந்தது 1989-இல். ராபர்ட் சாரெட்டின் ‘நெவர் டீல் வித் எ டிராகன்’ நாவல் அடுத்த ஆண்டே வந்துவிட்டது. அண்மையில் அதை மறுபடி படித்தேன். விதிப்புத்தக வாடை சில இடங்களில் அடிக்கத்தான் செய்கிறது. மேட்ரிக்ஸ் என்ற கணினி வலையுலகத்துக்குள் நுழையும் பக்கங்களும் இன்றைக்குப் பழசாகிவிட்டன.

ஆனால் நாயகன் சாம் வெர்னரைப் பாருங்கள். ரென்ராகு கம்பெனியின் விசுவாசமான ஊழியன். தங்கை ஜானிஸ் உருமாறிப் போகிறாள். அவளைப் பற்றிக் கேட்டால் கம்பெனி வாய் திறப்பதில்லை. சோறு போடுகிற இடமே சொந்த ரத்தத்தை மறைக்கிறது என்று அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறதே, அந்த இடத்தை என்னால் சுலபமாகக் கடக்க முடியவில்லை. முதல் வாசிப்பில் என்னைப் பிடித்து வைத்தது டிராகன். இம்முறை தங்கைதான்.

அப்புறம், நாய் வடிவில் வரும் வழிகாட்டி ஆவி. தனக்குள் மந்திர சக்தி இருப்பதை இவ்வளவு பிடிவாதமாக மறுக்கும் நாயகன் இந்த வகைக் கதைகளில் அபூர்வம். சரி, சாமின் கதை சொல்லும் மூன்று பாகங்களையும் சேர்த்துப் படித்துவிட்டு இன்னொரு கட்டுரை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.